ஆங்கில உச்சரிப்பு: கிளாஸா, ஆப்பா, வீட்டுப் பயிற்சியா?

ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸில் சேர்ந்தால் உச்சரிப்பு சரியாகிவிடும் என்று நம்பிப் பணம் கட்டுகிறவர்கள் பலர். அங்கே விலகுவது கூச்சம் மட்டும்தான். இருபது பேர் உட்காரும் வகுப்பில், ஒரு மணி நேரத்தில் உங்களுக்குப் பேசக் கிடைப்பது மூன்று நிமிடம். இலக்கணப் பிழையை ஆசிரியர் திருத்துவார். 'ஒன்லி'யை 'வொன்லி' என்றாலும் 'எக்'கை 'யெக்' என்றாலும் பல சமயம் அவர் காதில் உறுத்தாது, அவரும் அப்படியே சொல்பவராக இருந்தால். பேசவே தயங்குகிறவருக்கு கிளாஸ் நல்லது. சரளமாகப் பேசியும் வெளிநாட்டு கிளையண்ட் 'சாரி?' என்று திரும்பத் திரும்பக் கேட்டால், அதற்கு மருந்து அங்கே இல்லை.

எல்சா ஸ்பீக் போன்ற ஆப்கள் ஒலி ஒலியாகப் பிரித்து மார்க் போடும். நூறு தடவை சொன்னாலும் சலிக்காது. ஆனால் தனிச்சொல்லில் நல்ல மார்க் வாங்குகிறவர் வாக்கியத்தில் பழைய வழக்கத்துக்கே திரும்பிவிடுவார். காசு செலவழிக்கும் முன் போனின் வாய்ஸ் டைப்பிங்கை முயலுங்கள். மொழியை 'இங்கிலீஷ் இந்தியா'விலிருந்து அமெரிக்காவுக்கோ பிரிட்டனுக்கோ மாற்றுங்கள்; இந்திய அமைப்பு நம் உச்சரிப்புக்குப் பழகியது, பிழையை மன்னித்துவிடும். முழு வாக்கியமாகச் சொன்னால் சூழலை வைத்துச் சரியாக ஊகித்துவிடும் என்பதால், தனிச்சொற்களையே கொடுங்கள்.

வீட்டுப் பயிற்சிதான் அதிகம் மாற்றுகிறது, அதுவும் பதிவு செய்தால். ஒரு சோதனை: மெல்லிய டிஷ்யூ பேப்பரை வாய்க்கு நான்கு விரல் தள்ளிப் பிடித்து, பழத்தைக் குறிக்கும் 'பீச்', கடற்கரை 'பீச்', பிறகு 'ஸ்பீச்' சொல்லுங்கள். பழத்துக்கு மட்டும் தாள் துள்ள வேண்டும். தமிழில் சொல்லின் முதலில் வரும் ப, ட, க காற்றை உந்துவதில்லை. அதனால் நாம் சொல்லும் பழம் வெளிநாட்டவருக்குக் கடற்கரையாகக் கேட்கிறது. சர்வதேச ஆங்கிலத்தை ஆராய்ந்த ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000-இல் வகுத்த அவசியப் பட்டியலில் இந்தக் காற்று உண்டு. 'த்ரீ'யில் நாக்கைப் பல்லிடுக்கில் நீட்டுவது அந்தப் பட்டியலில் இல்லை. நம் ஊர் 'த' போதும், அதில் மாதக்கணக்காக மல்லுக்கட்ட வேண்டாம்.

அடுத்தது அழுத்தம். 'டெவலப்'பில் முதல் அசையை உயர்த்துவது நம் வழக்கம். உயர வேண்டியது நடுவில் உள்ள 'வெ'. 'ஹோட்டல்', 'ஈவென்ட்' இரண்டுக்கும் இரண்டாம் அசை. சந்தேகமுள்ள சொல்லை கேம்பிரிட்ஜ் அகராதியில் கேளுங்கள், யூக்ளிஷ் இணையதளத்தின் வீடியோக்களில் பலர் சொல்லக் கேளுங்கள்.

தினம் இருபது நிமிடம் போதும்: ஐந்து நிமிடம் ஒரே ஒரு ஒலி, பத்து நிமிடம் ஷேடோயிங் (ஒலிப்பதிவைக் கேட்டபடியே கூடவே பேசுவது), ஐந்து நிமிடம் பதிவு செய்து ஒப்பிடல். பிபிசியின் 'சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்' எழுத்து வடிவத்தோடு இலவசமாகக் கிடைக்கிறது. முப்பது விநாடித் துண்டு ஒன்றை இரண்டு முறை கேட்டு, அழுத்தங்களுக்குக் கோடிட்டு, பிறகே கூடவே பேசுங்கள். சினிமா வசனத்தில் தொடங்குகிறவர்கள் வேகத்தைப் பிடிக்கப்போய் முணுமுணுப்பதோடு நின்றுவிடுகிறார்கள்.

தனி ஆசிரியர்? நிரந்தரமாக வேண்டாம். இரண்டு மூன்று அமர்வு எடுத்து, உங்கள் இரண்டு நிமிடப் பதிவைக் கொடுத்து, பிழைப் பட்டியல் கேளுங்கள். வெறும் உரையாடலுக்குப் பணம் கொடுக்காதீர்கள். அவர் வெள்ளைக்காரராக இருக்க வேண்டியதில்லை. நாக்கு எங்கே படுகிறது, உதடு எப்படிக் குவிகிறது என்று காட்டத் தெரிந்தவராக இருந்தால் சரி.