போர்குண்ட் மரச் சர்ச் மாடல் கிட்: வாங்கலாமா?

பெங்களூர் கமர்ஷியல் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு ஹாபி கடையில வாங்கினது, 1,800 ரூபா, கொஞ்சம் ஜாஸ்திதான். நார்வேல லேர்டால் பக்கத்து கிராமத்துல 1180-1200 வாக்குல கட்டின பங்குக் கோயில் இது, முழுக்க மரம், இன்னும் நிக்குது! எப்படின்னா தூணை மண்ணுல புதைக்காம கல்லு மேல போட்ட மரச்சட்டத்துல நிறுத்திருக்காங்க, அதுக்கு முந்தி புதைச்சு கட்டினதெல்லாம் அடி உளுத்துப் போச்சு, இதுக்கு மேல பைன் தார் பூசிப் பூசியே மழை பனியிலேர்ந்து காப்பாத்திட்டு வராங்க. கிட்லயும் அந்த அடிச்சட்டத்தைத்தான் மொதல்ல மாட்டணும், தூண் அதுல டக்குனு உக்காரும்போது விஷயம் கையிலயே புரியுது, அதுக்கே காசு கொடுக்கலாம்.

கூரை மேல வர்ற டிராகன் தலை ரொம்ப மெல்லிசு, ஒண்ணு உடைஞ்சு ஃபெவிகால் போட்டு ஒட்டினேன். புக்லெட் சுத்த வேஸ்ட், 1868ல பக்கத்துலயே புதுக் கோயில் வந்ததும், 1877ல பழசை ஒரு பாரம்பரியப் பாதுகாப்புச் சங்கம் வாங்கினதும்கூட அதுல இல்ல (இன்னிக்கும் அவங்கதான் பாத்துக்கறாங்க). நம்ம சிவாஜிநகர் மாதா கோயிலும் கூரைக் கொட்டகையில ஆரம்பிச்சதுதானே, அதுக்கு யாராச்சும் கிட் போட்டா மொத ஆளா வாங்குவேன். சின்னப் பசங்களுக்கு இது வேணாம், பீஸெல்லாம் ரொம்பப் பொடிசு.