கஃபுவா, ராபர்டோ கார்லோஸா?
2002 கால்பந்து உலகக் கோப்பையை வென்ற பிரேசிலின் தடுப்பாட்டத்தில் வலப்பக்கம் கஃபு, இடப்பக்கம் ராபர்டோ கார்லோஸ். இருவரில் ஒருவரை மட்டும் அணியில் எடுக்கச் சொன்னால் நான் கஃபுவைத்தான் எடுப்பேன்.

ராபர்டோ கார்லோஸின் இடது காலை மறக்க முடியுமா? 1997-ல் லியோனில், பிரான்சுக்கு எதிராகச் சுமார் 35 மீட்டரிலிருந்து அடித்த ஃப்ரீ கிக் வெளியே போய், வளைந்து திரும்பி, கம்பத்தில் பட்டு உள்ளே நுழைந்தது. கோல்கீப்பர் பார்த்தெஸ் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. ஸ்பெயின் கிளப்பான ரியல் மாட்ரிட்டில் 11 சீசன், ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக்கில் 3 கோப்பைகள். 2002 சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் சக வீரர் ஜிதான் அடித்த அந்த அற்புத கோலுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுத்தவரும் இவர்தான்.

சரி, அப்புறம் ஏன் கஃபு? தடுப்பாட்டக்காரரிடம் நான் முதலில் பார்ப்பது கவனம். 2006 உலகக் கோப்பைக் காலிறுதியில் பிரான்சின் ஹென்றி கோல் அடித்தபோது ராபர்டோ கார்லோஸ் குனிந்து நின்றுகொண்டிருந்தார், பிரேசில் வெளியேறியது. கஃபுவோ 90 நிமிடமும் முன்னேறுவார், ஓடித் திரும்பித் தன் இடத்தைக் காப்பார். 1994, 1998, 2002 என அடுத்தடுத்து மூன்று உலகக் கோப்பை இறுதிப் போட்டிகளில் ஆடியவர் அவர் ஒருவரே. பிரேசிலுக்காக 142 ஆட்டங்கள். ரோமாவுடன் 2001-ல் இத்தாலிய லீக் பட்டம். 2007-ல், 36 வயதில், மிலன் சாம்பியன்ஸ் லீக் வென்றபோதும் அந்த அணியில் இருந்தார்.