புதூர் மாடியறையில் விற்கும் இரவுக் கடல் ஓவியங்கள்: 12 தாளில் எதை வாங்கலாம்?

மதுரை புதூரில் ஒரு வீட்டு மாடியறை. கடற்படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஓவியர் ஒருவர் தன் ஓவியங்களின் அச்சுத் தொகுப்பை அங்கே வைத்து விற்கிறார். மொத்தம் 12 தாள். பணிக்காலத்தில் கப்பல் மேல்தளத்திலிருந்து அவர் பார்த்து, அன்றைக்கு உடனிருந்த யாராலும் இன்னதென்று சொல்ல முடியாமல் போன காட்சிகள்தான் பெரும்பாலும். ஏ3 அளவு, 300 ஜிஎஸ்எம் பருத்திக் காகிதம், கூடவே 16 பக்கச் சிறுபுத்தகம் ஒன்று. முழுத் தொகுப்பு 4,800 ரூபாய், தனித்தாள் 550. சனி, ஞாயிறு மாலையில் மட்டும் திறந்திருக்கும். பெரியார் நிலையத்திலிருந்து அழகர்கோவில் போகும் பேருந்து தல்லாகுளம் வழியாகப் புதூர் வரும். இறங்கி நடக்கும் தூரம்தான்.

இந்தத் தொகுப்பில் ஓவியத்தைவிட முக்கியமானது, ஒவ்வொரு தாளின் முதுகிலும் ஒட்டியிருக்கும் சின்ன அட்டை. எந்த வாட்ச் (முறைவைத்துக் காவல் நிற்கும் நேரம்), கப்பலின் வேகம், வெளிச்சம் கப்பலின் மூக்கிலிருந்து எத்தனை பாகையில் தெரிந்தது, தொடுவானத்துக்கு மேல் எத்தனை விரல் உயரம், எவ்வளவு நேரம் நின்றது, நிலவு இருந்ததா, ரேடாரில் ஏதாவது பட்டதா என்பதெல்லாம் பென்சிலில் எழுதியிருக்கிறது. கப்பலின் பெயரும் சரியான இடக்குறிப்பும் கிடையாது; அரபிக்கடல், அந்தமான் கடல் என்று பொதுவாக மட்டும் சொல்லியிருக்கிறார். படையில் இருந்தவர் அதை எழுதாமல் விட்டதைக் குறையாகச் சொல்ல முடியாது. அட்டை நிறைந்திருக்கும் தாள்கள் ஏழு, பாதி காலியாக இருப்பவை ஐந்து. அட்டை காலியாக இருக்கும் தாள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது வெறும் படம்தான். பார்த்தவரின் சாட்சியம் அதில் இல்லை.

நான்காம் தாளை எடுத்துக்கொண்டால் இந்த வேறுபாடு புரியும். நள்ளிரவு 12 முதல் 4 வரையிலான மிடில் வாட்ச். மேற்கே, கப்பலின் பக்கவாட்டில் நேர் 90 பாகையில், மஞ்சள் கலந்த வெள்ளை வெளிச்சம் மூன்று. கை நீட்டிப் பிடித்தால் தொடுவானத்துக்கு மேல் இரண்டு விரல் உயரம், அதாவது ஏறக்குறைய 3 முதல் 4 பாகை. வேகம் 12 நாட், அதாவது மணிக்கு 12 கடல் மைல்; திசை மாறவில்லை. 40 நிமிடம் அப்படியே நின்றன, 2 பாகைகூட நகரவில்லை, ரேடாரில் எதுவும் இல்லை.

இதை வைத்துக் கணக்குப் போடலாம். 12 நாட் வேகத்தில் 40 நிமிடத்தில் கப்பல் 8 கடல் மைல் போய்விடும். பக்கவாட்டில் 10 கடல் மைல் தள்ளி மீன்பிடிப் படகுகள் நின்றிருந்தால், அதற்குள் அவற்றின் வெளிச்சம் சுமார் 39 பாகை பின்னால் தள்ளிப் போயிருக்க வேண்டும். கோளோ நட்சத்திரமோ என்றால், நிலநடுக்கோட்டை ஒட்டிய கடலில் மேற்கு வானில் அது மணிக்கு 15 பாகை வீதம் ஏறக்குறைய நேராகக் கீழே இறங்கும். இரண்டு விரல் உயரத்தில் இருப்பது கால் மணி நேரத்தில் மறைந்துவிடும். கடல் குளிர்ந்தும் அதன்மேல் காற்று சூடாகவும் இருந்தால், தொடுவானத்துக்கு அப்பால் இருக்கும் விளக்குகளை ஒளி வளைந்து தூக்கிக் காட்டும். தென்மேற்குப் பருவத்தில் சோமாலியா, ஓமன் கரையோரம் அடியிலிருந்து குளிர்நீர் மேலேறுவதால் அங்கே இது நடக்கக்கூடியதுதான். ஆனால் அந்தத் தூக்கல் பாகையின் ஒரு பகுதி அளவில் நின்றுவிடும், மூன்று பாகைக்கு வராது.

அப்படியானால் மிச்சம் என்ன? பாகை மாறாமல் கப்பலோடு கூடவே வரும் வெளிச்சத்தைப் பார்த்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கண்ணாடியைத்தான். பிரிட்ஜுக்குள், அதாவது கப்பலை ஓட்டும் அறைக்குள், எரியும் ஏதோ ஒரு விளக்கு ஜன்னல் கண்ணாடியில் பட்டு, கடலுக்கு மேல் மிதப்பதுபோல் தெரியும். கப்பல் எங்கே போனாலும் கூடவே வரும். அட்டையின் கடைசி வரி இதற்குப் பதில் சொல்கிறது: "வெளியே, பிரிட்ஜ் விங்கில் நின்று பார்த்தது. கண்ணாடி இல்லை. இரண்டு பேர்." இந்த ஒரு வரிக்காகவே அந்தத் தாளுக்கு 550 ரூபாய் கொடுக்கலாம். படகு, கோள், கானல், கண்ணாடி நான்கும் கழிந்த பிறகும் மூன்று வெளிச்சம் நிற்கிறது. அதற்கு மேல் அது என்னவென்று ஓவியர் சொல்லவே இல்லை. அதுதான் நேர்மை.

வரைந்த விதமும் அருமை. முன்னால் ஓடும் கம்பிப் பிடியின் மேல்விளிம்பில் உப்பு படிந்து காய்ந்த திட்டு தெரிகிறது. வெளிச்சம் மூன்றும் வெள்ளைச் சாயம் வைத்து வரைந்தவை அல்ல; சாயம் படாமல் விட்ட காகிதமேதான். சுற்றிலும் ஈரத் தூரிகையால் விளிம்பைக் கரைத்து மங்க விட்டிருப்பதால்தான் அது ஒளிர்கிறது. வெள்ளையை மேலே பூசியிருந்தால் சுண்ணாம்புப் புள்ளியாகத்தான் தெரிந்திருக்கும். இருட்டுக்கும் குழாயில் வரும் கறுப்புச் சாயம் கிடையாது. அல்ட்ராமெரின் நீலத்தையும் பர்ன்ட் அம்பர் என்ற பழுப்பையும் கலந்து எடுத்த கறுப்பு, அதனால் வானம் ஒரு சாயலிலும் கடல் இன்னொரு சாயலிலும் பிரிந்து நிற்கிறது.

அடுத்து முதல் தாள், பாற்கடல். பெயரைப் பார்த்துப் புராணப் படம் என்று நினைத்துவிட வேண்டாம். தொடுவானம் முதல் தொடுவானம் வரை கடல் முழுவதும் அசையாமல் வெளுத்துக் கிடக்க, வானம் அதைவிடக் கறுத்துத் தெரியும் இரவு. மாலுமிகள் நெடுங்காலமாகச் சொல்லிவந்தும் பலர் நம்பாத காட்சி இது. 1995 ஜனவரியில் சோமாலியாவுக்குக் கிழக்கே 'லிமா' என்ற பிரிட்டிஷ் வணிகக் கப்பல் இதைக் கண்டு பதிவு செய்தது. பத்தாண்டு கழித்து 2005இல், அதே இரவுகளின் செயற்கைக்கோள் படங்களைத் தோண்டி எடுத்துப் பார்த்தபோது சுமார் 15,400 சதுர கி.மீ. பரப்பு ஒளிர்ந்தது தெரிந்தது. ஒளிரும் பாக்டீரியா பெருங்கூட்டமாகப் பெருகுவதுதான் காரணம் என்று கருதப்படுகிறது. 2019 ஆகஸ்டில் சென்னைக் கரையில் அலை நீலமாக மின்னியது வேறு சங்கதி. அது நாக்டிலூகா என்ற நுண்ணுயிர், தண்ணீர் கலங்கினால் மட்டும் மின்னும், கலங்காவிட்டால் இருட்டு. பாற்கடல் தொடர்ந்து ஒரே சீராக எரியும்.

இந்தத் தாளை வாங்கும்போதுதான் கவனம் வேண்டும். இரண்டு அச்சு புழக்கத்தில் இருக்கிறது. முதல் அச்சில் கடல் சாம்பல் கலந்த வெள்ளை, இரண்டாவதில் நல்ல நீலம். நீலம்தான் கண்ணைப் பறிக்கும், வருகிறவர்களில் பெரும்பாலோர் அதைத்தான் எடுப்பார்கள். அது தவறு. மங்கிய வெளிச்சத்தில் கண்ணின் கூம்புச் செல்கள் வேலை செய்யாது. கோல் செல்களால் நிறம் பிரிக்க முடியாது. நேரில் நின்றவருக்குக் கடல் வெளிறிய சாம்பலாகத்தான் தெரியும், நிறத்தைக் காட்டுவது கேமராதான். ஓவியர் சாம்பலாகத்தான் வரைந்திருக்கிறார். அச்சகத்தில் யாரோ 'மங்கலாக இருக்கிறதே' என்று நிறத்தைக் கூட்டிவிட்டார்கள். அதோடு இரண்டாம் அச்சில் இருட்டுப் பகுதி அடைத்துப்போயிருக்கிறது. முதல் அச்சில் கம்பிப் பிடியில் ஐந்து படியாகக் கறுப்பு இறங்குவதை எண்ணலாம், இரண்டாவதில் இரண்டுதான் தெரியும். சோதிக்க ஒரு வழி: வெள்ளைத் தாள் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, மாடிப் படிக்கட்டு வாசலில் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே இருக்கும் மஞ்சள் பல்பில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

ஆறாம் தாள், கொடிமர நுனியில் ஊதா நெருப்பு. இடிமேகம் நெருங்கும்போது கூர்முனைகளில் மின்னழுத்தம் கசிந்து, உஸ்ஸென்ற சத்தத்தோடு ஒளிரும் செயின்ட் எல்மோ நெருப்பு இது. மர்மம் ஒன்றும் இல்லை, அட்டையில் அவரே அப்படித்தான் எழுதியிருக்கிறார். படம் நன்றாக இருக்கிறது. சூரியன் மறையும் கணத்தில் தோன்றும் பச்சைக் கீற்று எட்டாம் தாள்; அதுவும் அப்படியே.

ஏமாற்றம் தருபவை ஒன்பதும் பதினொன்றும். ஒன்பது, கடலுக்கடியில் சுழலும் ஒளிச் சக்கரம். பாரசீக வளைகுடாவிலும் இந்தியப் பெருங்கடலின் வடபகுதியிலும் கப்பல்கள் பலமுறை பதிவு செய்த, இன்னும் முழு விளக்கம் கிடைக்காத காட்சி. ஆரங்கள் வளைந்திருந்தனவா நேராக இருந்தனவா, ஒரு சுற்றுக்கு எத்தனை நொடி, என்ஜின் வேகத்தைக் குறைத்தபோது சுழற்சி மாறியதா என்ற மூன்றும்தான் இதில் உயிர். அட்டையில் ஒன்றுகூட இல்லை. பதினொன்றாம் தாளில் தண்ணீருக்கடியில் கருஞ்சிவப்பு வட்டு. நேரம், பாகை எதுவும் இல்லை. மங்கிய இரவில் ஆழ்ந்த சிவப்பு கண்ணுக்குக் கறுப்பாகத்தான் தெரியும். வெளிச்சம் மிகப் பலமாக இருந்திருந்தால் ஒழிய அந்த நிறத்துக்கு வாய்ப்பில்லை, பலமாக இருந்தது என்று அட்டை சொல்லவும் இல்லை. பல ஆண்டு கழித்து நினைவிலிருந்து வரைந்தபோது நிறம் தானாக வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். யாருக்கும் நடக்கக்கூடியதே. ஆனாலும் இதை மற்றவற்றோடு ஒரே கட்டில் வைத்து விற்கக் கூடாது.

சிறுபுத்தகத்தின் முன்னுரையில் திருத்த வேண்டிய ஒரு பத்தி உண்டு. 2004 நவம்பரில் அமெரிக்காவின் நிமிட்ஸ் விமானந்தாங்கிக் கப்பல் குழுவின் விமானிகள் வானில் கண்ட இனந்தெரியாத பொருளைப் பற்றி எழுதிவிட்டு, 'அமெரிக்காவே வேற்றுலக விமானம் என்று ஒப்புக்கொண்டுவிட்டது' என்று முடிக்கிறது. அப்படி ஒப்புக்கொள்ளவில்லை. 2020 ஏப்ரலில் அந்த நாட்டுப் பாதுகாப்புத் துறை மூன்று காணொளிகளை வெளியிட்டு, அவற்றில் தெரிவது 'அடையாளம் காணப்படாதது' என்று மட்டும்தான் சொன்னது. இதற்கென 2022இல் அமைத்த அலுவலகம் 2024 மார்ச்சில் கொடுத்த அறிக்கையும், வேற்றுலகத் தொழில்நுட்பத்துக்கு ஆதாரம் இல்லை என்கிறது. அட்டைகளில் இவ்வளவு நிதானமாக எழுதியவரின் புத்தகத்தில் இந்த வரி பொருந்தவில்லை.

பலருக்குத் தெரியாத இன்னொன்றும் அங்கே உண்டு. நீங்கள் பார்த்ததைச் சொன்னால் ஓவியர் வரைந்து தருவார். ஏ4 அளவு, 2,500 ரூபாய், இரண்டு முறை போய் உட்கார வேண்டும். ராமநாதபுரம் கரையிலிருந்து மீனவர்கள் வருகிறார்கள், வணிகக் கப்பலில் இருந்தவர்களும் வருகிறார்கள். தொகுப்பைவிட இந்தச் சேவை உயர்ந்தது. காரணம் அவர் கேட்கும் முறை. வந்தவர் வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாலே நிறுத்திவிடுகிறார். "தம்பி, மொதல்ல கோட்டைப் போடுங்க. நீங்க எங்க நின்னீங்க, கடல் எங்க முடிஞ்சது? வெளிச்சத்தை அப்பறம் பாப்போம்." தொடுவானக் கோடு, நின்ற உயரம், முன்னால் இருந்த கயிறு, கம்பி எல்லாம் வந்த பிறகுதான் வெளிச்சத்துக்கு இடம். பிறகு, கேபினை விட்டு வெளியே வந்து எவ்வளவு நேரம் ஆகியிருந்தது என்று கேட்கிறார். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 30 நிமிடம்வரை ஆகும். வெளிச்சம் நகர்ந்தது என்றால், எதை வைத்து நகர்ந்தது என்கிறீர்கள் என்று கேட்கிறார். சுற்றிலும் கும்மிருட்டாக இருந்து ஒற்றைப் புள்ளியை உற்றுப் பார்த்தால், அது அசையாமலே அசைவதுபோல் தெரியும்.

போகிறவர்கள் செய்ய வேண்டியவை சில. போகும் முன் இணையத்தில் படம் தேடாதீர்கள், பார்த்த படம் நினைவோடு ஒட்டிக்கொள்ளும். அளவை 'பெருசு' என்று சொல்லாமல், நீட்டிய கையில் சுண்டுவிரல் மறைக்குமா, முட்டி மறைக்குமா என்று யோசித்துப் போங்கள். சுண்டுவிரல் 1 பாகை, மூடிய முட்டி 10 பாகை, முழு நிலா அரைப் பாகைதான். உடன் பார்த்தவரையும் அழைத்துப் போவதாக இருந்தால் ஒரே நாளில் வேண்டாம். தனித்தனியாகச் சொல்லி, இரண்டு வரைபடமும் ஒத்துப்போனால்தான் அதற்கு மதிப்பு.

சட்டம் போடுவது பற்றி. சாதாரணக் கண்ணாடி போட்டால் இந்தப் படங்கள் கெட்டுவிடும். முழுக்க இருட்டான படம் கண்ணாடிக்குப் பின்னால் போனதும் அது முகம் பார்க்கும் கண்ணாடியாக மாறி, எதிர்ச் சுவர் ஜன்னல்தான் தெரியும். மேட் அக்ரிலிக் (பளபளக்காத பிளாஸ்டிக் தகடு) போடச் சொல்லுங்கள், ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள். காகிதம் கண்ணாடியைத் தொடாமல் அமிலமில்லாத அட்டை விளிம்பு வைக்க வேண்டும். தொட்டால் மழைக்காலத்தில் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். மேற்குச் சுவர் வேண்டாம், மதுரை வெயிலில் அது அடுப்பு. தாளை விரலால் தொட்டாலே கறுப்புப் பகுதியில் பளபளவென்று தழும்பு விழும், துடைத்தால் போகாது. அதனால் சுருட்டிக் குழாயில் போடாமல், நடுவே மெல்லிய காகிதம் வைத்துத் தட்டையாகக் கட்டித் தரச் சொல்லுங்கள். கேட்டால் கூடுதல் காசு வாங்காமல் செய்து தருகிறார்கள்.

முழுத் தொகுப்பு தேவையில்லை. 1, 2, 4, 7, 10 ஆகிய ஐந்து தாள் போதும், 2,750 ரூபாய். முதல் அச்சுத் தாள்கள் மேசையின் கீழ் அடுக்கில் இருக்கின்றன, கேட்டால்தான் எடுப்பார்கள். முதுகில் அட்டைக்குக் கீழே, பென்சில் எண்ணுக்கு முன்னால் 'மு' என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.