ஆன்கி: கேள்விக்கேற்ற மாதிரி யோசிக்கப் பழக்கும் செயலி

இதயம் எப்படி வேலை செய்கிறது என்று நானாகவே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தபோது துணைக்கு வைத்துக்கொண்டது ஆன்கியைத்தான். முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை என்று அட்டை எழுதிப் படிக்கும் செயலி. 2006-இல் வந்தது. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஐபோனில் மட்டும் காசு கொடுத்து வாங்க வேண்டும். சரியாகச் சொல்லச் சொல்ல, அதே அட்டை திரும்ப வரும் இடைவெளி நாள், வாரம், மாதம் என்று நீளும். 2023-இல் சேர்த்த எஃப்.எஸ்.ஆர்.எஸ். கணக்குமுறை இயங்குகிறதா என்று அமைப்புகளில் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் இதுவரை சொன்ன விடைகளை வைத்து உங்கள் மறதிக்கேற்ற இடைவெளியை அது போட்டுத்தரும்.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது, கேள்வியை நாமே எழுதலாம் என்பது. யாரோ எழுதிய அட்டைக்கட்டை இறக்கிக்கொள்பவர்கள் படிப்பில் பாதியை இழக்கிறார்கள் என்றே சொல்வேன்.

நான் எழுதிய அட்டைகளில் ஒன்று: ‘இதயத்தின் ஈரிதழ் வால்வு எங்கே இருக்கிறது?’ இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் நடுவே. ஒரு வரியில் முடிந்தது. படத்தில் பெயரை மறைத்துக் கேட்கும் வசதியும் இருப்பதால் இதற்குப் படமே போதும். ‘இடது கீழறையின் சுவர் ஏன் வலதைவிடத் தடிமன்?’ இது வேறு ரகம். வலது கீழறை பக்கத்திலிருக்கும் நுரையீரலுக்கு ரத்தத்தைத் தள்ளினால் போதும். இடது கீழறை அதைவிட அதிக அழுத்தத்தை எதிர்த்து உடம்பு முழுக்கத் தள்ள வேண்டும். மனசுக்குள் ‘தெரியும், தெரியும்’ என்று தலையாட்டிவிட்டு அட்டையைத் திருப்பினால் இது நிற்காது. வாய்விட்டு, முழு வாக்கியமாகச் சொன்ன பிறகுதான் திருப்புவேன். ‘ஈரிதழ் வால்வு சரியாக மூடாவிட்டால் ஏன் மூச்சு வாங்குகிறது?’ என்ற கேள்விக்கு அதுவும் போதாது. ரத்தம் மேலறைக்கே திரும்பி, அங்கே அழுத்தம் கூடி, அது நுரையீரல் வரை பின்னோக்கிப் போவதைக் காகிதத்தில் அம்புக்குறி போட்டு வரைந்தால்தான் எனக்குத் திருப்தி.

சரியா தவறா என்று தீர்ப்பதும் நாம்தான். நான்கு பொத்தான்கள்: மறுபடியும், கடினம், சரி, எளிது. ‘கடினம்’ என்றால் சிரமப்பட்டாவது நினைவுக்கு வந்துவிட்டது என்று பொருள். செயலி அதைத் தேர்ச்சியாகவே எடுத்துக்கொள்ளும். மறந்துபோன அட்டைக்கு அதை அழுத்தினால் கணக்கே கெட்டுவிடும். ‘ஏன்’ கேள்வியில் பாதிக் காரணம் விட்டுப்போனாலும் நான் ‘மறுபடியும்’தான் அழுத்துவேன்.

தோற்றம் சாதாரணம்தான். அமைப்புகள் பக்கம் புதியவர்களைத் திணறடிக்கும். நாளொன்றுக்கு 20 புதிய அட்டைகள் என்று அதுவாகவே வைத்திருக்கும். காரணம் கேட்கும் அட்டைகள் அதிகம் எழுதுகிறவர்கள் முதலில் அதை 10-க்கும் கீழே குறைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றும் நேரம் பிடிக்கும். தேர்வுக்கு முந்தின வாரம் மட்டும் புரட்டிப் பார்ப்பவர்களுக்கு இது ஒத்துவராது. ஒரு துறையை வருடக்கணக்கில் கூடவே வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் தாராளமாக இறக்கிக்கொள்ளலாம்.