வானவில்லைத் தின்ற கண்ணாடி: ஒரு சிபிஎல் ஃபில்டரோடு சில பயணங்கள்

விக்டோரியா அருவிக்கு எதிரே தொப்பலாக நனைந்தபடி நாற்பது படம் எடுத்திருப்பேன். மழை உறைக்குள் கேமரா, கண்ணில் சாரல், எல்லாம் குத்துமதிப்புதான். சாயங்காலம் அறைக்கு வந்து பார்த்தால் ஒன்றிலும் வானவில் இல்லை. எட்டிப் பிடித்துவிடலாம் போல அத்தனை பக்கத்தில் நின்றது அது. படத்தில் வெறும் புகைமூட்டம்.

காரணம், லென்ஸ் முன்னால் நான் மாட்டி மறந்திருந்த சிபிஎல் ஃபில்டர். பளபளப்பைக் குறைக்க மாட்டும் சுழல் கண்ணாடி அது, ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும். நீர்த்துளிக்குள் பட்டுத் திரும்பும் வானவில் ஒளி பெரும்பாலும் ஒரே திசையில் அதிர்வது. ஃபில்டர் வளையத்தை ஒரு பக்கம் திருப்பினால் நிறம் அடர்த்தியாகும், அங்கிருந்து கால் சுற்றுத் திருப்பினால் காணாமல் போகும். நான் ஜூம் லென்ஸில் வில்லின் ஒரு காலை மட்டும் எடுத்ததால் மிச்சமே இல்லை. மறுநாள் காலை திரும்பப் போய், வளையத்தைப் பார்த்துப் பார்த்துத் திருப்பி எடுத்தேன். வந்தது.

இத்தனைக்குப் பிறகும் இதை நான் பையிலிருந்து எடுக்காததற்குக் காரணம் குரோஷியாவின் பிளிட்விச்சே ஏரிகள். படிப்படியாக இறங்கும் 16 ஏரிகள், நடுவே மரப்பலகை நடைபாதை. நல்ல உச்சி வெயில். தண்ணீர் மேல் வானம் வெள்ளையாகப் படிந்து பளபளத்தது, கீழே எதுவும் தெரியவில்லை. வளையத்தை மெதுவாகத் திருப்பினேன். பாலாடையை ஒதுக்கியது போல அந்தப் பளபளப்பு விலகியது. அடியில் ஒரு முழு மரம், கிளைகளோடு, சுண்ணாம்பு பூசியது போல வெளுத்துக் கிடந்தது. அந்தத் தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு விழுந்த மரங்கள் மேல் அப்படித்தான் படிகிறது. கிளைக்கு மேலே நாலைந்து மீன்கள். கேமராவை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் பார்த்தால் மறுபடி வெள்ளைப் பளபளப்பு மட்டும்.

நீர்ப்பரப்போடு ஏறக்குறைய 37 டிகிரி சாய்வில் பார்க்கும்போதுதான் இந்த வித்தை முழுசாகப் பலிக்கும். செங்குத்தாகக் குனிந்து பார்த்தால் ஒன்றும் நடக்காது. வானத்தைக் கம்ப்யூட்டரில் பிறகு கருநீலமாக்கிக்கொள்ளலாம், பரவாயில்லை. பளபளப்பில் மூழ்கிப்போன மரத்தை எந்த மென்பொருளாலும் உள்ளபடி மீட்க முடியாது.

வானத்துக்கு ஒரு கைக்கணக்கு உண்டு. சுட்டுவிரலைச் சூரியனை நோக்கி நீட்டி, கட்டைவிரலைச் செங்கோணமாக விரியுங்கள். கையைச் சுழற்றினால் கட்டைவிரல் காட்டும் இடமெல்லாம் ஃபில்டரில் அதிகம் கறுக்கும். அகலக்கோண லென்ஸில் இதுவே தொல்லை. வானத்தின் நடுவே மட்டும் திட்டாகக் கருநீலம் விழுந்து, மை கொட்டிய மாதிரி இருக்கும்.

அப்புறம், பொலிவியாவின் உயுனி உப்புவெளிக்குப் போகிறவர்கள் இதைக் கழற்றி வைத்துவிடலாம். மழைக்காலத்தில் மெல்லிசாகத் தேங்கும் தண்ணீரில் வானம் தெரிவதைப் பார்க்கத்தானே அங்கே போவது? அந்தப் பிம்பத்தையே இது மங்கடிக்கும். 3,600 மீட்டருக்கு மேல் வானம் ஏற்கெனவே கருநீலம். இதைப் போட்டால் ராத்திரி மாதிரி ஆகிவிடும்.

பொருளின் தயாரிப்பைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. நான் வாங்கியது மெல்லிய வளைய ரகம். முன்பக்கம் மரை இல்லாததால் வழக்கமான லென்ஸ் மூடி நிற்காது. கூடக் கொடுத்த அழுத்து மூடி இரண்டாம் நாளே நடைபாதைப் பலகை இடுக்கில் விழுந்து போயிற்று. ஒருமுறை ஃபில்டர் லென்ஸோடு இறுகிக்கொண்டு கழலவே இல்லை. அகலமான ரப்பர் பேண்டைச் சுற்றிப் பிடித்து, அழுத்தாமல் திருப்பினேன், கழன்றது. அழுத்தினால் வளையம் நசுங்கி இன்னும் இறுகும்.

வெளிச்சமும் ஏறக்குறைய இரண்டு ஸ்டாப் வரை, அதாவது நாலில் ஒரு பங்காகக் குறையும். 1/125 நொடியில் எடுப்பது 1/30 ஆகிவிடும். அருவிக்கு அது வரம், தண்ணீர் பட்டுநூல் மாதிரி விழும். அடர்ந்த காட்டுக்குள் கையில் பிடித்து எடுத்தால் ஆட்டம்தான்.

வாங்குவதானால் உங்களிடம் உள்ளதில் பெரிய லென்ஸின் அளவுக்கு, கொஞ்சம் தடித்த வளையமாக ஒன்று போதும். சின்ன லென்ஸ்களுக்கு அளவைச் சரிக்கட்டும் இடைவளையம் போட்டுக்கொள்ளலாம்.