மார்கழியில் மட்டும் குறையும் கூலன்ட்

என் காருக்கு வயது 17. சிறிய பெட்ரோல் வண்டி, 1,46,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சேலத்துக்குள் கடை கண்ணிக்குப் போவதும், மாதம் ஒருமுறை இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்கு ஏறி ஓர் இரவு தங்கிவிட்டு இறங்குவதும்தான் அதன் வேலை. எஞ்சினைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இரண்டு ஆண்டுகளாகத் தரையில் ஒரு சொட்டுகூடச் சிந்தாமல், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டைக் குடித்துக்கொண்டிருந்தது.

தினமும் குறைந்திருந்தால் பிடித்திருப்பேன். மூன்று மாதம் ரிசர்வ் டேங்கில் அளவு அசையாது. திடீரென்று ஒரே வாரத்தில் இரண்டு விரற்கடை இறங்கிவிடும். பட்டறைக்குக் கொண்டுபோனால் எல்லாம் சரியாக இருக்கும். பல் மருத்துவர் வீட்டுப் படியேறியதும் வலி நின்றுபோகுமே, அந்தக் கதைதான்.

முதலில் ரேடியேட்டர் மூடியை மாற்றினேன். அது வெறும் மூடி அல்ல, வால்வு. என் வண்டியின் மூடியில் 0.9 பார் என்ற அழுத்த அளவு பொறித்திருக்கிறது. உள்ளே அந்த அழுத்தம் நிற்பதால்தான் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. எஞ்சின் சூடானால் மிகுதி ரிசர்வ் டேங்குக்குப் போகும், ஆறினால் இன்னொரு சிறு வால்வு வழியாகத் திரும்பி வரும். பழைய மூடியின் ரப்பர் வெடித்திருந்ததால் அந்தச் செலவு வீணில்லை. கசிவு மட்டும் நின்றபாடில்லை.

அடுத்து ஒரு பட்டறையில் கையை விரித்தார்கள். "ஹெட் கேஸ்கட் போய்விட்டது சார், எஞ்சினைத் திறந்தாக வேண்டும்." எஞ்சினின் மேல் பாகத்துக்கும் கீழ்ப் பாகத்துக்கும் நடுவே கசிவை அடைக்கும் தகடு அது. வெளியே கசியாவிட்டால் உள்ளே எரிகிறது என்பது அவர்கள் கணக்கு. கணக்கு தவறில்லை, ஆனால் புகைக்குழாயில் வெண்புகை இல்லை, எண்ணெய் மூடிக்கு அடியில் வெண்ணெய் போன்ற கலங்கல் இல்லை. வேறொரு இடத்தில் நீல நிறத் திரவச் சோதனை செய்யச் சொன்னேன். ரேடியேட்டர் வாயில் ஒரு கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, அங்கிருந்து வரும் காற்றை அந்தத் திரவத்தின் வழியே இழுப்பார்கள். எஞ்சினில் எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். பத்து நிமிடம் பார்த்தும் நீலம் நீலமாகவே இருந்தது. இந்தக் கதையில் நான் செலவழித்த பணத்திலேயே சிறந்த பணம் அதுதான். எஞ்சினைத் திறக்கச் சொல்லும் யாரிடமும் முதலில் இதைக் கேளுங்கள்.

ரேடியேட்டரில் கொட்டினால் ஓட்டையை அடைக்கும் பொடி ஒன்றை நண்பர் கொண்டுவந்தார். மறுத்துவிட்டேன். எது ஓட்டை, எது மெல்லிய குழாய் என்று பொடிக்குத் தெரியாது. வண்டிக்கு அடியில் அட்டையை விரித்தும் பார்த்தேன். வெயில் நாளில் ஈரம் கண்டு துள்ளிக் குதித்தால் அது ஏசி தண்ணீர்: நிறமில்லை, பிசுபிசுப்பு இல்லை.

கடைசியில் நோட்டுப் புத்தகம்தான் கைகொடுத்தது. ரிசர்வ் டேங்கின் மேல் மனைவியின் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டேன். எஞ்சின் சூட்டில் கூலன்ட் விரியும் என்பதால் காலையில் வண்டியைக் கிளப்பும் முன் மட்டுமே அளவு பார்த்து, தேதியும் கிலோமீட்டரும் முந்தைய இரவு வண்டி நின்ற இடமும் குறித்தேன். ஓராண்டு ஆனதும் புரட்டிப் பார்த்தால் சித்திரை வெயிலில் கோடு அசையவே இல்லை. குறைந்த நாள்கள் எல்லாம் மார்கழியும் தையும். அதிலும் பெரும்பாலும் ஏற்காட்டில் இரவு நின்ற மறுநாள். எல்லோரும் சூட்டில் தேடினோம். அது குளிரில் கசிந்துகொண்டிருந்தது.

பட்டறையில் ஒருமுறை அழுத்தச் சோதனை செய்திருந்தார்கள்தான். சைக்கிள் பம்பு போன்ற கருவியை மூடியின் இடத்தில் பொருத்தி அழுத்தம் ஏற்றுவது. அப்போது முள் அசையவில்லை. ஏனென்றால் நான் அரை மணி நேரம் ஓட்டிப்போன சூட்டிலேயே செய்தார்கள். இந்த முறை வண்டியை இரவே அங்கு விட்டுவிட்டு, "அண்ணா, காலையில் நான் வரும்வரை சாவி போடாதீர்கள்" என்று சொல்லிவிட்டு வந்தேன். புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயத்தையும் முன்பே கலந்து ஓட்டியிருந்தேன். காலை ஆறரை மணி, நல்ல பனி. 0.9 வரை ஏற்றினோம். முள் கண்ணுக்குத் தெரியாமல் சரியத் தொடங்கியது. விளக்கை எஞ்சினுக்குப் பின்பக்கம் நுழைத்தபோது, வாட்டர் பம்புக்குள் போகும் இரும்புக் குழாயின் கழுத்தில் பச்சையாக ஒரு கோடு மின்னியது. அது கியர் பெட்டியின் மேல் இறங்கி அங்கேயே உப்புப் பூத்துக் காய்ந்திருந்தது. தரைக்குச் சொட்டு வராத ரகசியம் அதுதான்.

குற்றவாளி அந்தக் குழாயின் ஓ-ரிங், இணைப்பில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம். மெக்கானிக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். வட்டமாக இருக்க வேண்டிய ரப்பர் தட்டையாகியிருந்தது. நகத்தால் அழுத்தினால் பதியவில்லை, வளைத்தபோது வற்றல்போல் முறிந்தது. எஞ்சின் சூடானால் சற்று விரிந்து வாயை அடைத்துக்கொள்ளும். குளிர்ந்த காலையில் கிளப்பியதும், சூடேறும்வரை, சில கிலோமீட்டர் கசியும். குழாய் முனையும் துருப்பிடித்துக் குழிந்திருந்தது. அந்தப் பாவம் என்னுடையது. முதல் ஐந்தாறு ஆண்டுகள் கூலன்ட் வாங்கச் சோம்பல்பட்டு வீட்டு போர் தண்ணீரை ஊற்றியிருக்கிறேன்.

ஓ-ரிங்கின் விலை இரண்டு டீக்குச் சமம். குழாயையும் சேர்த்து மாற்றினோம். கூலி அரை நாள், கை நுழையாத இடம் என்பதால். பழைய கூலன்ட்டை முழுதும் வடித்து, கனிமம் நீக்கிய நீரோடு பாதிக்குப் பாதி கலந்து நிரப்பினார். வடித்ததைச் சாக்கடையில் ஊற்ற விடவில்லை. இனிக்கும் நஞ்சு அது, எங்கள் தெரு நாய்கள் எதையும் நக்கிப் பார்க்கும்.

இது நடந்து பதினான்கு மாதம், 9,000 கிலோமீட்டர் ஆகிறது. இடையில் ஒரு மார்கழி முழுதாக வந்து போனது. ஏற்காட்டில் பல இரவுகள். அளவு நகப்பூச்சுக் கோட்டிலேயே நிற்கிறது. கோடுதான் பாதி உரிந்துவிட்டது, மறுபடி போட வேண்டும்.