முழுக் கோடா, ஒரே புள்ளியா?

க + ச + த = 6, க + 2ச + 3த = 14. மாறிகள் மூன்று, சமன்பாடுகள் இரண்டுதான். ஒவ்வொன்றும் ஒரு தளம். இரண்டும் வெட்டும் இடம் ஒரு நேர்கோடு.

பள்ளிக்கூடத்து வழியில் த-வை இஷ்டத்துக்கு விட்டுவிடுவோம். கழித்தால் ச = 8 − 2த; அப்புறம் க = த − 2. த-வுக்கு 0 போட்டால் (−2, 8, 0), 1 போட்டால் (−1, 6, 1). ஒவ்வோர் அடியும் (1, −2, 1) திசையில். முழுக் கோடும் கையில் இருக்கிறது.

சரி, ஒரே ஒரு விடைதான் வேண்டுமென்றால்? ஆதிப்புள்ளியிலிருந்து கோட்டுக்குச் செங்குத்து போடலாம்: (த − 2) − 2(8 − 2த) + த = 0, அதாவது த = 3. கிடைப்பது (1, 2, 3), தூரம் √14. (−2, 8, 0) இருப்பதோ √68 தூரத்தில்! சமன்பாடுகளின் கெழுக்களை அடுக்கிய அணிக்கு வழக்கமான நேர்மாறு இல்லை; அதற்குப் பதிலாக எடுக்கும் போலி நேர்மாறு (pseudoinverse) தருவதும் ஆதிப்புள்ளிக்கு மிகக் கிட்டத்தில் உள்ள இந்தப் புள்ளியைத்தான். அழகான விடை, ஆனால் தேர்வில் இதை மட்டும் எழுதினால் மதிப்பெண் போய்விடும். நான் கோட்டை வரைந்த பிறகே இதைத் தேடுவேன்.